யானைக்கு எந்தக் குண்டு? பெருவிலங்கு வேட்டைத் துப்பாக்கிகளும் அவற்றின் குண்டுகளும்

பாரிஸ், லா சப்பல்: பிரஷ்யப் படைகளின் முற்றுகைக்குள் பாரிஸ் நகரம் சிக்கியிருந்த 1870ஆம் ஆண்டின் டிசம்பர் இறுதியில், கஸ்தோர், பொலுக்ஸ் என்று பெயரிடப்பட்டிருந்த இரு யானைகள் இறைச்சிக்காகக் கொல்லப்பட்டன. சிறுவர்களை முதுகில் ஏற்றி உலா வந்ததால் நகர மக்கள் அனைவரும் அறிந்திருந்த யானைகள் அவை. உணவுப் பஞ்சம் முற்றியிருந்த நிலையில், ஹௌஸ்மான் பெருஞ்சாலையில் இருந்த இறைச்சிக் கடை ஒன்று அவ்விரண்டையும் 27,000 பிராங்க் கொடுத்து வாங்கியது.

அவற்றைக் கொல்லும் பணி பாரிஸின் பெயர்பெற்ற துப்பாக்கித் தயாரிப்பாளரான தெவிஸ்மிடம் ஒப்படைக்கப்பட்டது. முற்றுகைக்கு உள்ளான நகரில் படைவீரர்களுக்கும் துப்பாக்கிகளுக்கும் பஞ்சம் இல்லை. ஆயினும், மனிதரை வீழ்த்தும் சாதாரணக் குண்டு யானைக்குப் போதாது என்பது அறியப்பட்டிருந்தது. எனவே, உருக்கு முனை பொருத்தப்பட்ட, உடலுக்குள் சென்று வெடிக்கும் தனிவகைக் குண்டைக் கொண்டு, ஏறத்தாழ 10 மீட்டர் தொலைவில் இருந்து அவர் சுட்டார்.

இன்று ஈழத்தமிழர்களின் கடைத்தெருவாக உலகத் தமிழர்கள் அறிந்திருக்கும் லா சப்பல், அப்போது பாரிஸ் நகருடன் இணைக்கப்பட்டுப் பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் ஆண்டுதோறும் இப்பகுதியின் வீதிகளில் உலா வருகிறது. ஆனைமுகனுக்குத் தேரிழுக்கும் இந்த மக்களின் தாயகமான வன்னிக்கும், பெருவிலங்குக் குண்டுகளின் வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. யானையைக் கொல்வதற்கு எத்தகைய குண்டு வேண்டும் என்ற அறிவின் பெரும்பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காடுகளில்தான் சேகரிக்கப்பட்டது.

தோட்டாவும் குண்டும்

பொதுவழக்கில் தோட்டா, குண்டு, ரவை, சன்னம் ஆகிய சொற்கள் ஒன்றின் பொருளில் மற்றொன்றாகப் பயன்படுத்தப்படுகின்றன. இக்கட்டுரையில் தோட்டா என்பது பித்தளைக் கூடு, வெடிமருந்து, தீப்பற்றவைக்கும் மூடி, முனையில் உள்ள உலோகத் துண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப்பொருளைக் குறிக்கும். குழலில் இருந்து வெளியேறி இலக்கைச் சென்று தாக்கும் உலோகத் துண்டு மட்டுமே குண்டு எனப்படும்.

ஒரு விலங்கைக் குண்டு இரண்டு வழிகளில் வீழ்த்துகிறது. மூளையையோ தண்டுவடத்தையோ தாக்கினால் விலங்கு நின்ற இடத்திலேயே விழுகிறது. இதயத்தையோ நுரையீரலையோ துளைத்தால் இரத்த இழப்பினால் சிறிது நேரத்தில் இறக்கிறது. இவ்விரண்டும் நிகழாதபோது விலங்கு காயத்துடன் காட்டுக்குள் சென்றுவிடுகிறது. அது நாட்கணக்கில் அல்லது வாரக்கணக்கில் துன்புற்று இறக்கும். அல்லது பிழைத்திருந்து, எதிர்ப்படும் மனிதரைத் தாக்கும்.

இதனால் குண்டிடம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பண்புகள் எதிர்பார்க்கப்படுகின்றன. மான், புலி, சிங்கம் போன்ற மெல்லிய தோல் கொண்ட விலங்குகளுக்கு, உடலுக்குள் நுழைந்ததும் காளான் போல விரிந்து அகலமான காயத்தை ஏற்படுத்தும் குண்டு தேவை. யானை, காண்டாமிருகம், காட்டெருமை போன்ற தடித்த தோலும் கனத்த எலும்பும் கொண்டவற்றுக்கு, வடிவம் மாறாமல், திசை விலகாமல், ஆழமாக ஊடுருவும் குண்டு தேவை. விரியும் குண்டு ஆழமாகச் செல்லாது. ஆழமாகச் செல்லும் குண்டு விரியாது. பெருவிலங்குத் துப்பாக்கிகளின் வரலாறு முழுவதும் இந்த முரண்பாட்டைத் தீர்க்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாறே ஆகும்.

வன்னியில் வழங்கப்பட்ட பரிசு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையை ஆண்ட பிரித்தானிய நிர்வாகம் யானைகளைப் பயிரை அழிக்கும் விலங்காகவே கருதியது. கொல்லப்படும் ஒவ்வொரு யானைக்கும் சில ஷில்லிங்குகள் பரிசாக வழங்கப்பட்டன. இலங்கையின் குடியேற்றச் செயலாளராகப் பணியாற்றிய எமர்சன் டெனன்ட் தரும் தகவலின்படி, 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு இப்பரிசு பெறப்பட்டது. வன்னியுடன் நுவரகலாவிய பகுதியும் அக்கால வட மாகாணத்தில் அடங்கியிருந்தது. 1851 முதல் 1856 வரை காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடைப்பட்ட தென்பகுதியில் மேலும் 2,000 யானைகளுக்குப் பரிசு வழங்கப்பட்டது.

பரிசுக்காகச் சுட்டவர்கள் ஒருபுறம் இருக்க, பொழுதுபோக்காகச் சுட்ட ஆங்கிலேய அதிகாரிகள் மறுபுறம் இருந்தனர். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தாமஸ் ரோஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாக டெனன்ட் குறிப்பிடுகிறார். ரோஜர்ஸ் 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார்.

அக்காலத் துப்பாக்கிகளில் கருமருந்தும் ஈயக்குண்டும் குழலின் வாய் வழியாகவே இடப்பட்டன. குழலின் அளவு, அக்குழலுக்குப் பொருந்தும் ஈய உருண்டைகள் ஒரு ராத்தலுக்கு எத்தனை என்ற கணக்கில் சொல்லப்பட்டது. பத்தாம் எண் துப்பாக்கியின் உருண்டை ஒரு ராத்தலில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 45 கிராம். நான்காம் எண் துப்பாக்கியின் உருண்டை கால் ராத்தல், அதாவது சுமார் 113 கிராம். கருமருந்தினால் குண்டின் வேகத்தை ஓர் எல்லைக்கு மேல் உயர்த்த இயலவில்லை. ஆகவே, அடியின் வலுவைக் கூட்டுவதற்குக் குண்டின் எடையைக் கூட்டுவது ஒன்றே வழியாக இருந்தது.

சாமுவேல் பேக்கரின் பாடம்

இக்கலையை முறையாக ஆராய்ந்து எழுதியவர்களில் முதன்மையானவர் சாமுவேல் பேக்கர். நுவரெலியாவில் ஆங்கிலேயக் குடியிருப்பை நிறுவிய இவர், பின்னர் நைல் நதியின் ஊற்றுகளைத் தேடிய பயணங்களால் புகழ் பெற்றார். பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் நிறுவனம் 1840ஆம் ஆண்டு இவருக்காகச் செய்து கொடுத்த துப்பாக்கி 21 ராத்தல், அதாவது ஒன்பதரை கிலோ எடை கொண்டது. ஒவ்வொரு வெடிக்கும் 28 கிராம் கருமருந்து இடப்பட்டது. அதன் உருண்டைக் குண்டு 85 கிராமும், கூம்பு வடிவக் குண்டு 113 கிராமும் இருந்தன.

எடை மட்டும் போதாது என்பதை பேக்கர் விரைவில் கண்டறிந்தார். தூய ஈயம் மிகவும் மென்மையானது. யானையின் மண்டையோட்டின் முன்பகுதி தேன்கூட்டைப் போன்ற காற்றறைகள் நிறைந்த எலும்பால் ஆனது. சிறிய மூளை அதன் பின்புறத்தில் அமைந்துள்ளது. மென்மையான ஈயக்குண்டு எலும்பில் மோதியதும் தட்டையாகி, மூளையை எட்டுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. இதற்குத் தீர்வாக, ஒன்பது பங்கு ஈயத்துடன் ஒரு பங்கு பாதரசத்தைக் கலந்து கடினமான குண்டுகளை பேக்கர் வார்த்தார். வெள்ளீயம் கலந்தாலும் ஈயம் கடினமாகும். ஆனால் குண்டின் எடை குறைந்துவிடும். பாதரசம் எடையைக் குறைக்காமலேயே கடினத்தைத் தந்தது. உருக்கிய ஈயத்தில் பாதரசத்தைச் சேர்க்கும்போது எழும் ஆவி கொடிய நஞ்சு என்பதால், இம்முறை இன்று எவருக்கும் பரிந்துரைக்கத்தக்கதல்ல.

பேக்கரின் இரண்டாவது பாடம் ஆப்பிரிக்காவில் கிடைத்தது. இலங்கை யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் இல்லை. தந்தத்தின் வேரைத் தாங்கும் கனத்த எலும்பும் அவற்றின் முகத்தில் இல்லை. நெற்றியில் சுட்டு அவற்றை வீழ்த்தப் பழகியிருந்த அவர், 1860களில் சூடான், அபிசீனிய எல்லைப் பகுதிகளில் அதே முறையைக் கையாண்டபோது பலமுறை தோல்வியடைந்தார். ஆப்பிரிக்க யானையின் மண்டையோட்டு அமைப்பும் தந்த வேர்களும் நெற்றிக்குறியைப் பயனற்றதாக்கின. ஓரிடத்தில் போதுமானதாக இருந்த குண்டு, வேறோர் இடத்தில், அதே இனக்குடும்பத்தைச் சேர்ந்த விலங்குக்கே போதாமல் போனது.

புலியைப் பொறுத்தவரை அவரது பரிந்துரை நேர்மாறானது. அதற்குக் கடின ஈயம் கூடாது; தூய மென்மையான ஈயத்தால் ஆன, 42 கிராம் எடையுள்ள .577 அங்குலக் குண்டே சிறந்தது என்று அவர் வாதிட்டார். கடினமான குண்டு புலியின் உடலை ஊசி போலத் துளைத்து வெளியேறிவிடும். மென்மையான குண்டோ விரிந்து, தன் ஆற்றல் முழுவதையும் உடலுக்குள்ளேயே செலவிட்டு, மறுபக்கத் தோலின் அடியில் தங்கிவிடும். அக்காலத்தில் பரவியிருந்த, முனையில் துளையிட்ட இலேசான வேகக்குண்டுகள் மேற்பரப்பிலேயே சிதறி ஆழமற்ற காயத்தை ஏற்படுத்துகின்றன என்று அவர் குறை கூறினார். விலங்குக்கேற்ற குண்டு என்ற கொள்கையின் அடிப்படை அவரது எழுத்துகளில் தெளிவாகவே காணப்படுகிறது.

பாரிஸ் ஆய்வுக்கூடத்தின் மாற்றம்

1884ஆம் ஆண்டு, பாரிஸில் இருந்த அரசு வெடிமருந்து ஆய்வுக்கூடத்தில் போல் வியே என்ற வேதியியலாளர் புகை எழுப்பாத வெடிமருந்தை உருவாக்கினார். கருமருந்தைவிடப் பன்மடங்கு ஆற்றல் கொண்ட இம்மருந்தை ஏற்ற லெபெல் துப்பாக்கி 1886ஆம் ஆண்டு பிரெஞ்சு இராணுவத்துக்கு வழங்கப்பட்டது. குண்டின் வேகம் ஒரே பாய்ச்சலில் உயர்ந்தது.

இவ்வேகத்தை வெற்று ஈயத்தால் தாங்க முடியவில்லை. குழலின் உட்புறச் சுழல்வரிகளில் அது உரிந்து படிந்தது. இதற்குத் தீர்வாக, ஈயக் கருவைச் செம்பு, நிக்கல் கலவை அல்லது மெல்லிய உருக்கினால் மூடும் உறைக்குண்டுகள் பயன்பாட்டுக்கு வந்தன. முன்முனையை மூடி, முழுவதும் உறையிடப்பட்ட குண்டு கெட்டிக் குண்டு எனப்பட்டது. இது விரியாமல் ஆழமாகச் செல்லும். முனையில் மட்டும் ஈயத்தைத் திறந்துவிட்ட குண்டு மென்முனைக் குண்டு எனப்பட்டது. இது விரியும். ஒரே துப்பாக்கியில் இரண்டு வகையையும் பயன்படுத்த முடிந்ததால், பேக்கரின் காலத்தில் ஈயத்தின் கலவையால் தீர்மானிக்கப்பட்டது இனி உறையின் அமைப்பால் தீர்மானிக்கப்பட்டது.

லண்டனின் ஜான் ரிக்பி நிறுவனம் 1898ஆம் ஆண்டு வெளியிட்ட .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டா, 31 கிராம் குண்டை விநாடிக்கு சுமார் 655 மீட்டர் வேகத்தில் செலுத்தியது. பேக்கரின் பெருந்துப்பாக்கியினுடையதில் மூன்றில் ஒரு பங்கு எடை கொண்ட இக்குண்டு, அதைவிட ஆழமாக ஊடுருவியது. ராத்தல் கணக்கில் அளக்கப்பட்ட துப்பாக்கிகளின் காலம் அத்துடன் முடிவுக்கு வந்தது.

மனிதருக்குத் தடை, விலங்குக்கு விதி

குண்டுகளின் தெரிவில் அறம் சார்ந்த விநோதமான ஒரு முரண்பாடு உண்டு. 1868ஆம் ஆண்டு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கூடிய நாடுகள், 400 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள வெடிகுண்டுகளைத் தமக்கிடையிலான போரில் பயன்படுத்துவதில்லை என உறுதிபூண்டன. பிரான்ஸ், பிரஷ்யா ஆகிய இரண்டுமே அதில் கையொப்பமிட்டன. இரண்டே ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் யானைகள் மீது பயன்படுத்தப்பட்டது அத்தகைய வெடிக்கும் குண்டுதான். பிரகடனம் போர்வீரர்களைக் காத்தது. விலங்குகளைப் பற்றி அது பேசவில்லை.

விரியும் குண்டுகளின் கதை இதற்கு நேர்மாறான திசையில் சென்றது. மெல்லிய .303 உறைக்குண்டுகள் வடமேற்கு எல்லையின் போராளிகளைத் தடுத்து நிறுத்தவில்லை என்று பிரித்தானிய இந்திய இராணுவம் கருதியது. இதையடுத்து கல்கத்தா அருகேயுள்ள டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில், முனையில் ஈயம் திறந்துவிடப்பட்ட குண்டு 1890களின் நடுப்பகுதியில் உருவாக்கப்பட்டது. 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாடு, மனித உடலில் எளிதாக விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதைத் தடை செய்தது. ஆனால் வேட்டைக்கு அதே வகைக் குண்டே மனிதாபிமானமானது என்று கருதப்படுகிறது. பிரிட்டனின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம், மான்களைச் சுடும் ரைபிள்களில் விரியும் குண்டையே பயன்படுத்த வேண்டும் எனக் கட்டாயமாக்குகிறது. போரில் எதிரியைச் செயலிழக்கச் செய்தால் போதும், வேட்டையில் விலங்கு விரைவாக இறக்க வேண்டும் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் கூறப்படும் நியாயம்.

அரசியலும் குண்டுத் தெரிவில் குறுக்கிட்டது. வடமேற்கு எல்லையின் கிளர்ச்சியாளர்களிடம் .450 அளவுடைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகள் இருந்தன. வேட்டைக்காரர்களின் குண்டுகள் அவர்கள் கைகளுக்குச் சென்றுவிடும் என அஞ்சிய பிரித்தானிய அரசு, அந்த அளவுடைய வேட்டைத் தோட்டாக்களை இந்தியாவுக்குள் கொண்டுவர 1907ஆம் ஆண்டு தடை விதித்தது. இத்தடையைத் தவிர்ப்பதற்காகவே .465, .470, .475, .476 எனச் சிறு வேறுபாடுகள் கொண்ட தோட்டாக்களை லண்டன், பர்மிங்காம் நிறுவனங்கள் போட்டியிட்டு வெளியிட்டன. அவற்றின் ஆற்றலில் பெரிய வேறுபாடு இல்லை. இன்றும் ஆப்பிரிக்காவில் இரட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கு விரும்பப்படும் .470 தோட்டா இவ்வாறு பரவியதே ஆகும்.

அகலமா, ஆழமா?

பெரிய துளையுள்ள துப்பாக்கியே பெரிய விலங்குக்கு ஏற்றது என்ற நம்பிக்கையைக் கேள்விக்கு உள்ளாக்கியவர், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வால்டர் பெல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க யானைகளைக் கொன்ற இவர், அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பயன்படுத்தியது வெறும் 7 மில்லிமீட்டர் துப்பாக்கி. குண்டின் எடை 11 கிராம் சொச்சமே.

இதற்கான விளக்கம் குண்டின் எடைக்கும் அதன் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தில் இருக்கிறது. எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண் பெரிதாக இருந்தால் குண்டு நீளமானது, ஆழமாகச் செல்லக்கூடியது என்று பொருள். ஆங்கில அளவுகளில் கணக்கிட்டால், பெல்லின் சிறு குண்டுக்கு இவ்வெண் சுமார் 0.306. பெருவிலங்குத் துப்பாக்கிகளில் புகழ்பெற்ற .375 மேக்னம் தோட்டாவின் 19.4 கிராம் குண்டுக்கு 0.305. .470 தோட்டாவின் 32.4 கிராம் குண்டுக்கு 0.317. மூன்றுக்கும் இடையே வேறுபாடு மிகச் சிறிது. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளையின் இருப்பிடத்தைத் துல்லியமாக அறிந்திருந்த பெல்லுக்கு, உறை கிழியாத நீண்ட குண்டு ஒன்றே போதுமானதாக இருந்தது.

தமிழ்நாட்டு வாசகர்கள் அறிந்த கென்னத் ஆண்டர்சனின் துப்பாக்கி இதற்கு மறுபக்கச் சான்று. தருமபுரி, கிருஷ்ணகிரி, நீலகிரி வனப்பகுதிகளின் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் பற்றி எழுதிய ஆண்டர்சன், .405 வின்செஸ்டர் துப்பாக்கியையே பெரிதும் பயன்படுத்தினார். இதன் குண்டும் .375 தோட்டாவின் குண்டைப் போலவே 19.4 கிராம் எடை கொண்டது. ஆனால் அகலமாகவும் குட்டையாகவும் இருப்பதால் அதன் விகித எண் 0.254 மட்டுமே. புலி, சிங்கம் ஆகியவற்றுக்கு இக்குண்டு மிகச் சிறந்தது. யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் ஊடுருவல் போதாது என்ற குறைபாடு தொடக்கம் முதலே சுட்டிக்காட்டப்பட்டு வந்துள்ளது. ஒரே எடை, வேறு வடிவம், வேறு பயன்.

பெல்லின் முறையை எல்லோருக்கும் பொதுவிதியாகக் கொள்ள முடியாது. அமைதியாக நிற்கும் யானையின் மூளையைக் குறிவைப்பது வேறு. அடர்ந்த புதருக்குள்ளிருந்து பாய்ந்து வரும் யானையைத் தடுப்பது வேறு. பின்னதில் குறி சற்றுத் தவறினாலும் விலங்கை நிலைகுலையச் செய்யும் கனமான குண்டு உயிரைக் காக்கும். ஆபத்தான விலங்குகளுக்கு .375 அங்குலமே குறைந்தபட்ச அளவு என்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் விதிகள் இருப்பதற்கு இதுவே காரணம்.

குண்டு உடையும்போது

வேகம் கூடக்கூட, மென்முனைக் குண்டுகள் எலும்பில் மோதிச் சிதறும் சிக்கலும் கூடியது. அமெரிக்காவின் ஜான் நோஸ்லர் என்பவர் கனடாவில் மூஸ் எனப்படும் பெருங்கடமானை வேட்டையாடியபோது தமது குண்டுகள் தோள்பகுதியிலேயே சிதறிவிட்டதைக் கண்டு, 1940களின் பிற்பகுதியில் புதிய வடிவம் ஒன்றை உருவாக்கினார். குண்டின் நடுவே செம்பினால் ஆன தடுப்புச்சுவர் ஒன்றை அமைத்து, முன்பாதி ஈயம் விரியவும், பின்பாதி ஈயம் வடிவம் மாறாமல் ஊடுருவவும் அவர் வழிசெய்தார். விரிதலும் ஊடுருவலும் ஒரே குண்டில் ஓரளவு இணைந்தன.

அடுத்த கட்டமாக, 1980களில் ஈயமே இல்லாமல் முழுவதும் செம்பினால் ஆன வேட்டைக் குண்டுகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. உறையும் கருவும் தனித்தனியாக இல்லாததால் அவை பிரிந்து சிதறுவதில்லை. ஒரே உலோகத்தால் குண்டு செய்யும் எண்ணம் அதற்கும் மிகவும் முந்தியது. பிரெஞ்சு இராணுவம் 1898ஆம் ஆண்டு லெபெல் துப்பாக்கிக்கு ஏற்றுக்கொண்ட 12.8 கிராம் குண்டு, முழுவதும் பித்தளையால் ஆனது.

கெட்டிக் குண்டுகளிலும் மாற்றம் ஏற்பட்டுள்ளது. முற்காலத்தில் அவற்றின் முனை உருண்டையாக இருந்தது. உடலுக்குள் செல்லும்போது அவை வளைந்து திசை மாறுவதும், கவிழ்ந்துவிடுவதும் உண்டு. முனையைத் தட்டையாக அமைத்தால், குண்டு தனக்கு முன்னால் உள்ள திரவத்தை விலக்கித் தன்னைச் சுற்றி ஒரு வெற்றிடத்தை உருவாக்கிக்கொண்டு நேராகச் செல்கிறது என்று பின்னர் கண்டறியப்பட்டது. பித்தளையிலோ செம்புக் கலவையிலோ கடைந்தெடுக்கப்பட்ட தட்டைமுனைக் குண்டுகளே இன்று யானைக்குரியனவாகக் கருதப்படுகின்றன.

இன்றைய நடைமுறையைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம். சிங்கம், சிறுத்தை, பெரிய மான் வகைகளுக்கு விரியும் குண்டு. யானைக்கும் நீர்யானைக்கும் தட்டைமுனைக் கெட்டிக் குண்டு. ஆப்பிரிக்க எருமைக்கு முதலில் விரியும் உறுதியான குண்டு, தொடர்ந்து கெட்டிக் குண்டு. எருமைக் கூட்டத்தில் ஒன்றைத் துளைத்து வெளியேறும் கெட்டிக் குண்டு பின்னால் நிற்கும் மற்றொன்றைக் காயப்படுத்தக்கூடும் என்பதால் இந்த வரிசை பின்பற்றப்படுகிறது. எதைத் தெரிவு செய்தாலும், அக்குண்டு தனது துப்பாக்கியில் எங்கே படுகிறது என்று முன்கூட்டியே சுட்டுப் பார்ப்பது அவசியம். எடை ஒன்றாக இருந்தாலும் இரு வகைக் குண்டுகள் ஒரே இடத்தில் படுவதில்லை. இரட்டைக்குழல் துப்பாக்கிகள் ஒரு குறிப்பிட்ட எடைக்கும் வேகத்துக்கும் ஏற்பவே இணைக்கப்படுவதால், அவற்றில் இது மேலும் முக்கியம்.

ஈயத்தின் நஞ்சு

குண்டுத் தெரிவில் அண்மைக் காலத்தில் சேர்ந்துள்ள புதிய கேள்வி சுற்றுச்சூழல் பற்றியது. ஈயக்குண்டு சிதறும்போது கண்ணுக்குப் புலப்படாத துகள்கள் இறைச்சியில் தங்குகின்றன. வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் குடலை உண்ணும் கழுகுகளும் பிணந்தின்னிப் பறவைகளும் ஈய நஞ்சால் இறக்கின்றன. கலிபோர்னியாவின் கொண்டோர் கழுகுகள் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. அம்மாநிலம் 2019ஆம் ஆண்டு முதல் வேட்டையில் ஈயக்குண்டுகளை முற்றாகத் தடை செய்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஈரநிலங்களில் ஈயச் சிதறுகுண்டுகளைத் தடை செய்தது. டென்மார்க் 2024ஆம் ஆண்டு ரைபிள் குண்டுகளுக்கும் இத்தடையை விரிவுபடுத்தியது. செம்புக் குண்டுகளின் விலை கூடுதல் என்பதும், ஈயத்தைவிட இலேசானதால் அதே எடைக்கு அவை நீளமாக அமைகின்றன என்பதும் வேட்டைக்காரர்களின் ஆட்சேபங்களில் சில.

சட்டம் முடித்தது, முடிக்காதது

தமிழர் வாழும் நிலங்களில் பெருவிலங்கு வேட்டை சட்டப்படி முடிந்துபோன ஒன்று. காட்டு யானைகளைக் காக்க சென்னை மாகாணம் 1873ஆம் ஆண்டே ஒரு சட்டம் இயற்றியது. இந்தியா முழுமைக்கும் அத்தகைய சட்டம் 1879ஆம் ஆண்டு வந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. லண்டனின் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இன்று அருங்காட்சியகப் பொருட்களாகிவிட்டன. லா சப்பலில் இருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பாரிஸின் மரே பகுதியில் 1967ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வேட்டை, இயற்கை அருங்காட்சியகத்தில் பழைய வேட்டைத் துப்பாக்கிகளை எவரும் காணலாம்.

ஆயினும் யானைகள் மீது துப்பாக்கிகள் நீட்டப்படுவது நிற்கவில்லை. இலங்கையில் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 400க்கும் அதிகமான யானைகள் இறந்தன. துப்பாக்கிச் சூடு, மின்வேலி, ரயில் மோதல், இரைக்குள் மறைத்து வைக்கப்படும் வெடிபொருள் ஆகியவை அவற்றின் முக்கிய காரணங்களுள் அடங்கும். சிங்களத்தில் ஹக்க பட்டாஸ் என்றும், தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில் அவுட்டுக்காய் என்றும் அழைக்கப்படும் இவ்வெடி, பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காக வைக்கப்படுகிறது. யானை அதைக் கடித்ததும் தாடை சிதைந்து, உண்ணவும் நீர் அருந்தவும் இயலாமல் பட்டினியால் இறக்கிறது.

பயிரைக் காக்க முயலும் விவசாயியின் கையில் இருப்பது பெரும்பாலும் வாய்வழி மருந்திடும் இடியன் துவக்கு, கட்டுத்துவக்கு, அல்லது பறவைகளையும் சிறு விலங்குகளையும் சுடுவதற்கான சிதறுகுண்டுத் துப்பாக்கி. ஈயத் துண்டுகளும் இரும்புத் துண்டுகளும் யானையின் தோலைத் துளைத்துத் தசையில் தங்குகின்றன. இதயத்தையோ மூளையையோ அவை எட்டுவதில்லை. காயம் சீழ்ப்பிடித்து, கால் வீங்கி, நடக்க இயலாத யானை பல வாரங்கள் கழித்து ஒரு குளக்கரையில் விழுகிறது. அதற்குள் அது எத்தனை வயல்களில் நுழைந்தது, யாரைத் தாக்கியது என்பது வேறு கணக்கு. விவசாயியின் இழப்பும் அச்சமும் உண்மையானவை. ஆனால் இத்துப்பாக்கி அவரைக் காப்பதில்லை. வலியில் இருக்கும் யானை, வலியற்ற யானையைவிட ஆபத்தானது என்பதை பேக்கரின் காலம் முதல் எல்லா வேட்டைக்காரர்களும் பதிவு செய்துள்ளனர்.

இருநூறு ஆண்டுக்கால ஆய்வு நிறுவிய உண்மை இதுவே: பொருந்தாத குண்டு விலங்கைக் கொல்வதில்லை, காயப்படுத்துகிறது. ஈயத்தில் பாதரசம் சேர்த்ததும், உறையிட்டதும், தடுப்புச்சுவர் அமைத்ததும், முனையைத் தட்டையாக்கியதும் காயத்துக்கும் மரணத்துக்கும் இடையிலான அந்த இடைவெளியைக் குறைப்பதற்காகவே. வன்னியிலும், கிழக்கிலும், கோவை, நீலகிரி மலையடிவாரங்களிலும் அந்த இடைவெளி இன்னும் அப்படியே உள்ளது. அங்கு தேவைப்படுவது சிறந்த குண்டு அல்ல. உரிய இடத்தில் வேலி, காலம் தாழ்த்தாத பயிர் இழப்பீடு, யானை வழித்தடங்களில் புதிய குடியேற்றங்களைத் தவிர்க்கும் திட்டமிடல் ஆகியவையே துப்பாக்கியை எடுக்க வேண்டிய தேவையை விவசாயியிடமிருந்து அகற்றக்கூடியவை.